பூனைச் சுவர்

சக்குபள்ளம்,
2024 நவம்பர் 12, செவ்வாய், மாலை நான்கே முக்கால் மணி.
முற்றத்தில் கழுவாத பச்சை ஏலக்காய் ஏழு சாக்கு. வீட்டில் ஆள் நாலு பேர், நாலு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

அன்புள்ள டின்சி அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், நீயும் டிஜோ மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையை உங்கள் இரண்டு பேர் பெயரைச் சொல்லித்தான் முடிக்கிறோம் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதிவிட்டேன். அதில் முதல் பாதி முழு உண்மை இல்லை, அதனால்தான் மேலே கணக்கை எழுதினேன். கடிதம் அம்மாவுடையது, கை மட்டும் என்னுடையது, அவளுடைய வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, பேனா பிடிக்க முடியாது. ஆகவே இதில் நான் என்று வருகிற இடமெல்லாம் ஜின்சன் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள், அம்மா சொல்வதை அம்மா சொல்கிறாள் என்றே எழுதுகிறேன். விரலுக்கு என்ன என்று நீ கேட்பாய். வெந்நீர் பட்டது என்று போடு, பிள்ளை தூர தேசத்தில் கிடந்து பயப்படும் என்கிறாள் அம்மா. நான் வெந்நீர் என்று எழுத மாட்டேன். இது உன் மகள் சம்பந்தப்பட்ட காரியம், உனக்குத் தெரிய வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜெஸ்னாவுக்கு ஒன்றும் இல்லை, இந்த நிமிஷம் என் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு கோழியைத் துரத்துகிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. போனில் சொல்லலாமே என்பாய். உன் குரல் கேட்டால் அப்பா வந்து உட்கார்ந்துவிடுவார், ஸ்பீக்கரில் போட்டால்தான் அவருக்குக் காது கேட்கும், நடுவில் அவர் ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ டியூட்டிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அழுவாய். அதனால் காகிதம். கீழ் வீட்டு ஜோஜோ நாளைக்கு அயர்லாந்துக்கு விமானம் ஏறுகிறான், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதுவும் வரும், ஆனால் அதற்கு முன்னால் இன்றைக்கே படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். அம்மாவுக்குக் காகிதம் போக வேண்டும், எனக்கு விஷயம் போக வேண்டும்.

விஷயம் டிரையரில் ஆரம்பிக்கிறது. வீட்டுக்குத் தெற்கே தள்ளி ஷெட் இறக்கி அப்பா ஏலக்காய் உலர்த்தக் கரண்டு டிரையர் வைத்தது உனக்குத் தெரியும். விறகு எரித்து உலர்த்துகிற ஸ்டோரில் காய்ந்த காயில் புகை வாடை ஏறும், நம் காய் மட்டும் பச்சைக் கண்ணாடி மாதிரி வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், மேட்டு வீட்டு சுடலைமணி அண்ணனின் விறகு ஸ்டோர் வாசலில் நின்றே சொன்னார், அதிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அப்போது டிரையரில் ஒரே ஹீட்டர், மூன்று கிலோவாட், பதிமூன்று ஆம்பியர் இழுக்கும். அதற்கென்று தனி லைன் போடவில்லை. மெயின் போர்டு முன்பக்க வராந்தாவில், அங்கிருந்து ஜெஸ்னா தூங்குகிற அறையின் வடக்குச் சுவருக்குள் பிளக்குக்காக ஏற்கெனவே இறங்கியிருந்த மெல்லிசான ஒன்றரை ஸ்கொயர் வயரிலேயே ஒட்டுப் போட்டு, மச்சு வழியாக ஷெட்டுக்கு இழுத்துவிட்டார்கள். பிரேக்கர் பதினாறு ஆம்பியர். பெரிய அழகான வேலை இல்லை, ஆனாலும் தாங்கியது. இந்த வருஷம் காய் அதிகம், ஒரு ஹீட்டரில் காய்ந்து முடிய நேரம் ஆகிறது என்று போன மாதம் அப்பா அதே அளவில் இன்னொரு ஹீட்டரை உள்ளே வைத்துவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. கட்டப்பனை ஃபேக்டரியில் மூன்று பாய்லர் பேனலைப் பார்க்கிறவன் நான், சொந்த வீட்டில் ஒரு ஹீட்டர் கூடியது எனக்குத் தெரியாது.

இரண்டு ஹீட்டர் என்றால் இருபத்தாறு ஆம்பியர். பதினாறு ஆம்பியர் பிரேக்கர் என்ன செய்யும், இறங்கிக் கரண்டை நிறுத்தும். கால் மணிக்கு ஒரு தரம் இறங்கியிருக்கிறது. காய் டிரையருக்குள் போனால் காய்ந்து முடிகிற வரை சூடு நிற்கக் கூடாது, நின்றால் கலர் போகும், கலர் போனால் வண்டன்மேட்டில் ஏலத்துக்கு வைக்கும்போது வியாபாரி கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுவான், அது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அப்பா போர்டுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு இறங்க இறங்கத் தூக்கிவிட்டிருக்கிறார். பிறகு அலுத்துப்போய் லிவரைச் சணல் கயிற்றால் மேலே ஆணியில் இழுத்துக் கட்டிவிட்டார். அப்படிக் கட்டினாலும் அது உள்ளே விட்டுவிடும், வெளியே லிவர் மேலே நிற்கும், உள்ளே கரண்டு இருக்காது, யாராவது இப்படிச் செய்வார்கள் என்று தெரிந்துதான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அது புரியவில்லை. லிவர் மேலே இருக்கிறது, டிரையர் நின்றிருக்கிறது, அப்படியானால் சாமான் வீணாய்ப் போய்விட்டது என்று முடிவு செய்து, கடையில் போய் இருப்பதில் பலமானதாகக் கொடு என்று கேட்டு நாற்பது ஆம்பியர் வாங்கிவந்து மாட்டினார். அதற்கப்புறம் ஒரு தரம்கூட இறங்கவில்லை. இதுதான்டா சாமான் என்று பூசைக்குப் போன இடத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறார். கழற்றிய பதினாறை ஜெஸ்னாவிடம் விளையாடக் கொடுத்துவிட்டார், அவள் அதை டிக் டிக் என்று தூக்கி இறக்கிக்கொண்டு திரிகிறாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும், போன வாரம் வீடியோவில் பேசும்போது அம்மா சொன்னாள், டிரையர் ஓடும்போது அந்தச் சூடு வீட்டுக்குள் வருகிறது, மஞ்சு இறங்கிக் குளிரடித்தாலும் பிள்ளை போர்வை கேட்கிறதில்லை, சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்குகிறது என்று. நீ சந்தோஷப்பட்டு அதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாய். நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தவன் மதியம் சாப்பிட்டுவிட்டு ஜெஸ்னா பக்கத்தில் படுத்தேன், டிரையர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னைத் தள்ளிவிட்டு, தள்ளிப் படுங்க மாமா, பூனைகிட்ட நான்தான் படுப்பேன் என்றாள். எந்தப் பூனை என்று கேட்டேன். சுவரைத் தொட்டுக் காட்டினாள். கையை வைத்துப் பார்த்தேன். மேலே மச்சிலிருந்து கீழே சுவிட்ச் போர்டு வரைக்கும், நாலு விரல் அகலத்துக்கு, கோடு போட்ட மாதிரி நேராகச் சூடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குளிர்ச்சி. எழுந்து போய்த் தெற்குச் சுவரைத் தொட்டேன், டிரையர் இருக்கிற பக்கம் அதுதான், அது ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது அக்கா. உன் பிள்ளை ஒரு மாதமாக டிரையரின் சூட்டில் தூங்கவில்லை, சுவருக்குள் வெந்துகொண்டிருந்த வயரின் சூட்டில் தூங்கியிருக்கிறாள்.

மெயினை இறக்கிவிட்டுச் சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். சிவப்பு வயர் சாக்லேட் நிறத்தில் இருந்தது, விரலால் தொட்டதும் பொரித்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது. அதைத் திரும்ப மூடிவிட்டுப் போய் மெயின் போர்டைத் திறந்தால் நாற்பது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குள் அப்பா ஷெட்டிலிருந்து ஓடிவந்து, எலே, சரக்கு பாதியில நிக்கி, கலர் போச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டைக் கொளுத்திட்டா கலர் இன்னும் நல்லா வரும்ப்பா என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து அவருக்கு என்னோடு பேச்சு இல்லை, நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் எழுந்துவிடுகிறார். அரைகுறையாகக் காய்ந்த காயை அம்மா தட்டுத் தட்டாக அடுப்புக்கு மேலே பரணில் பரப்பினாள்.

நீ நர்ஸ், உனக்கு ஒரே வரியில் சொன்னால் புரியும். பிரேக்கர் இறங்குவது காய்ச்சல் காட்டுகிற மாதிரி. காய்ச்சல் நூற்று மூன்று காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை மாற்றினால் எப்படியோ, அப்படித்தான் இங்கே நடந்தது. பிரேக்கரில் எழுதியிருக்கிற நம்பர் அதன் பலம் இல்லை. எத்தனை ஆம்பியர் வரைக்கும் நான் பேசாமல் இருப்பேன் என்று அது சொல்லுகிற நம்பர். நாற்பது என்றால் நாற்பது வரைக்கும் அது வாயைத் திறக்காது, நடுவில் வயர் வெந்தாலும் திறக்காது, ஏனென்றால் வயர் எவ்வளவு மெல்லிசு என்பது அதற்குத் தெரியாது, அதைத் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டியது ஆள். அது டிரையரைக் காப்பாற்ற வந்த சாமானும் இல்லை, சுவருக்குள் இருக்கிற வயரைக் காப்பாற்ற வந்தது. முதலில் சாமான் எவ்வளவு இழுக்கும் என்று பார்க்கணும், வாட்டை இருநூற்று முப்பதால் வகுத்தால் வந்துவிடும், பிரேக்கர் அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கணும், வயர் தாங்குவது பிரேக்கருக்கும் மேலே இருக்கணும். இந்த வரிசை மாறக் கூடாது. நம் ஒன்றரை ஸ்கொயர் வயர் சுவருக்குள் பதினாறுக்கு மேல் தாங்காது. இருபத்தாறு இழுக்கிற டிரையருக்கு முப்பத்திரண்டு பிரேக்கர் வேண்டும், அதற்கு நாலு ஸ்கொயர் வயர் விளிம்பில் நிற்கும், ஆறு ஸ்கொயர்தான் சரி. நம்பருக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்கும், பி என்றால் லைட், ஹீட்டர் மாதிரி அமைதியான சாமானுக்கு, சி என்றால் மோட்டார், ஆரம்பிக்கும்போது ஒரு தரம் எகிறி இழுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளும். கீழே சின்னக் கட்டத்தில் ஆறாயிரம் என்று போட்டிருக்கும், நேராக ஷார்ட் ஆனால் அவ்வளவு ஆம்பியர் பாய்ந்தாலும் தான் வெடிக்காமல் துண்டித்துவிடுவேன் என்று அர்த்தம், டிரான்ஸ்பார்மர் தூரத்தில் இருக்கிற நம் வீட்டுக்கு அது போதும். இதில் எதுவுமே ஆளுக்கு ஷாக் அடித்தால் காப்பாற்றாது, அதற்கு முப்பது மில்லி ஆம்பியரில் விழுகிற வேறொரு சாமான் இருக்கிறது, அதுவும் நம் வீட்டில் இல்லை. நான் இவ்வளவையும் எழுதுவதைப் பார்த்து அம்மா, அவளுக்கு என்னத்துக்குல இதெல்லாம், பிள்ளை சாப்பிட்டாளான்னு கேளு என்கிறாள். சாப்பிட்டாயா அக்கா.

இனிமேல்தான் அம்மா எழுத வேண்டாம் என்று சொன்ன இடம். நேற்று நான் வயர் வாங்கக் கட்டப்பனைக்குப் போனேன். போகும்போது, இந்த லைனில் யாரும் கை வைக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பேச்சு இல்லையே. பரணில் கிடந்த காய் மஞ்சளடிக்க ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, அரை நாள் ஓட்டினால் மிஞ்சியதையாவது காப்பாற்றிவிடலாம் என்று காயைத் திரும்ப டிரையரில் ஏற்றி, பிரேக்கர் இருந்த இடத்தில் வயரின் இரண்டு முனையையும் நேராக முறுக்கி டேப் சுற்றிவிட்டார். நாற்பதுகூட இல்லை அப்போது, ஒன்றுமே இல்லை. மதியம் அம்மா அடுப்படியில் இருந்திருக்கிறாள், கருவாடு சுடுகிற மாதிரி வாடை வந்ததாம். கருவாட்டுக் கூடையைப் பூனை இழுத்துவிட்டதோ என்று மேலே கீழே எல்லாம் தேடியிருக்கிறாள். கூடை கட்டினபடி இருந்தது. அப்போது அறைக்குள் படுத்திருந்த ஜெஸ்னா சத்தம் போட்டிருக்கிறாள், அம்மாச்சி, பூனை மீன் திங்குது என்று. அம்மா சிரித்திருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் அறைக்குள் போயிருக்கிறாள். சுவிட்ச் போர்டு மெழுகு மாதிரி வளைந்து, அதன் மேல் விளிம்பிலிருந்து ஊதுபத்திப் புகை போல ஒரு நூல் எழும்பிக்கொண்டிருந்தது. வயர் வேகும்போது மீன் வாடைதான் அடிக்கும், ஃபேக்டரியில் புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது, வீட்டில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அம்மா பழக்கத்தில் சுவிட்சை அணைக்கக் கையை வைத்தாள், விரல் உருகின பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டது, தோலோடு பிய்த்து எடுத்திருக்கிறாள். இடது கையால் பிள்ளையை வாரி முற்றத்தில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து துணி உலர்த்துகிற மூங்கில் கம்பால் மெயினைத் தட்டி இறக்கினாள். யாரையும் கூப்பிடவில்லை. டிரையரின் காற்றாடிச் சத்தம் நின்ற பிறகுதான் ஷெட்டில் இருந்த அப்பாவுக்கே வீட்டில் ஏதோ ஆகியிருக்கிறது என்று தெரிந்தது.

நான் பஸ்ஸிலிருந்து வயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது அப்பா முற்றத்தில் அம்மாவின் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். நான் நேராக உள்ளே போனேன். வடக்குச் சுவரில் பூச்சு ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்திருந்தது. சுவிட்ச் போர்டிலிருந்து உருகி வழிந்த ஒரு துளி ஜெஸ்னாவின் தலையணையில் விழுந்து, உறையில் ஒரு பொத்தலும் பஞ்சில் ஒரு குழியுமாக இருந்தது. அவள் தலை வைக்கிற இடத்துக்கு அது எவ்வளவு தூரம் என்று நான் எழுத மாட்டேன், நீ அளந்துகொண்டே இருப்பாய். அந்த உறையைக் கழற்றி என் பைக்குள் வைத்தேன். அப்பாவிடம் காட்டவில்லை. காட்டினால் என்ன சொல்லிக் காட்டுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

இப்போது இன்றைய நிலவரம். இன்றைக்குத் தோட்டத்தில் காய் எடுப்பு, ஆட்கள் நாலு மணிக்கு இறக்கிவிட்டுப் போனார்கள், ஏழு சாக்கு. இதைக் கழுவி இன்றைக்கே சூட்டில் ஏற்றாவிட்டால் நாளைக்குக் காலையில் சாக்குக்குள் புழுங்கிவிடும். நான் வாங்கிவந்த ஆறு ஸ்கொயர் வயர் இங்கே சுருளாகக் கிடக்கிறது, ஆனால் பகல் முழுக்க மழை, வெளிச் சுவரில் வயருக்கான பைப் அடிக்க முடியவில்லை, அவசரத்துக்கு அரைகுறையாக இழுத்துக் கொடுக்க மாட்டேன். அப்பா மதியம் அம்மா வழியாகச் சொல்லி அனுப்பினார், பிள்ளையை இன்றைக்கு முன் அறையில் படுக்கப் போட்டுவிட்டு டிரையரை ஓட்டலாம் என்றும், தான் விடிய விடிய அந்தச் சுவர் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு உட்கார்ந்திருப்பதாகவும், ஒரு ராத்திரிதானே என்றும். கரண்டுக்குத் தண்ணீர் வாளி. நான் அம்மா வழியாகவே பதில் சொன்னேன், டிரையர் ஓடினால் ஜெஸ்னாவைத் தூக்கிக்கொண்டு கட்டப்பனைக்குப் போய்விடுவேன், நீ வந்து கேட்கிற வரைக்கும் கொண்டுவர மாட்டேன் என்று. இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.  அப்பா முற்றத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் காயைக் கழுவுகிறார், தண்ணீர் அள்ளி ஊற்றுகிற சத்தம் வேகமாக இருக்கிறது, கோபத்தில் இருக்கிறார். என் சட்டைப் பையில் நாற்பது இருக்கிறது, அவருடைய டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் என் பைக்குள் இருக்கிறது. ஆனால் இரண்டு வயரை முறுக்க அவருக்கு அது எதுவும் தேவையில்லை என்பதை நேற்றே பார்த்தாயிற்று.

கொஞ்ச நேரம் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். அம்மா எழுந்து போனவள் வரவில்லையே என்று ஜன்னலில் பார்த்தேன். என் பைக்குள் இருந்த தலையணை உறையை எடுத்திருக்கிறாள், இடது கையாலேயே அலசிப் பிழிந்து, முற்றத்துக் கொடியில், அப்பா காய் கழுவுகிற தொட்டிக்கு நேர் மேலே விரித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். மழை விட்டு மஞ்சு இறங்குகிற இந்த நேரத்தில் யாரும் துணி உலர்த்த மாட்டார்கள். வேண்டுமென்றே போட்டாயா என்று கேட்டேன். தொவச்ச துணிய வேற எங்கல போடுவாங்க என்றாள். வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. நான் ஜன்னல் பக்கம் போகவில்லை, அம்மா போகவிடவில்லை, எழுது எழுது என்று காகிதத்தைக் காட்டுகிறாள், என்ன எழுதுவது என்று தெரியாமல் இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா வந்தார். கை ஈரத்தோடு வாசற்படியிலேயே நின்றார். டின்சிக்கா எழுதுற என்று கேட்டார், இரண்டு நாளைக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஆமாம் என்றேன். எழுது, வயர முறுக்கி வச்சது உங்க அப்பன்தான்னு எழுது, வேற யாரும் இல்லன்னு எழுது என்றார். ஏற்கெனவே எழுதிட்டேன்ப்பா என்றேன். தலையை ஆட்டினார். எல்லாம் எழுதிட்டியாக்கும் என்றார். அவ்வளவுதான், சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறிப் போகிறார். சுடலைமணி அண்ணன் வீட்டுக்கும் அதுதான் பாதை, கள்ளுக்கடைக்கும் அதுதான் பாதை. அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள்.

அவர் போயிருக்கிற இந்த இடைவெளியில் நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நீ அப்பாவுக்குப் போன் பண்ணுவாய். அவரைத் திட்டாதே. ஜின்சன் சொல்கிறபடி கேளுங்கள் என்றும் சொல்லாதே, அது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. என் பிள்ளை இன்றைக்கு எந்த அறையில் தூங்குகிறாள் என்று மட்டும் கேள், தினமும் கேள், அவர் வாயால் பதில் வரட்டும். ஜெஸ்னாவின் விசா பேப்பர் வருகிற வரைக்கும் அவள் இங்கேதான் இருக்கப் போகிறாள், நான் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறேன், மற்ற ஆறு நாளும் அந்தச் சுவருக்குக் காவல் அவர்தான். அப்புறம் உனக்கும் ஒன்று. உங்கள் ஃபிளாட்டில் ரூம் ஹீட்டரையும் கெட்டிலையும் ஒரே நீட்டு வயரில் சொருகி வைத்திருப்பதை வீடியோவில் பார்த்தேன். ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டு. பிளக் சூடாக இருக்கிறதா என்று தினமும் கையால் தொட்டுப் பார். மீன் வாங்காத நாளில் வீட்டில் மீன் வாடை வந்தால் முதலில் மெயினை அணை, அப்புறம் காரணம் தேடு. டிஜோ அத்தானிடமும் சொல், அவர் சிரிப்பார், பரவாயில்லை.

ஜீப் சத்தம் கேட்கிறது. சுடலைமணி அண்ணனின் ஜீப். அப்பா முன் சீட்டில் உட்காராமல் பின்னால் நின்றுகொண்டு வருகிறார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சுடலைமணி அண்ணன் இறங்கி முதல் வேலையாகச் சாக்கை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பிறகு சாவகாசமாக, என்ன மத்தியாசு, நம்ம ஸ்டோர்ல புகை வாடை ஏறுமே, ஒனக்குத் தோதுப்படுமா என்று கேட்டார். அப்பா, ஏறுனா ஏறட்டும், நீ சாக்கப் பிடி என்றார். சுடலைமணி அண்ணன் மேலே கொடியில் தொங்குகிற உறையை நிமிர்ந்து பார்த்தார், குனிந்து சாக்கைப் பிடித்தார், ஏழு சாக்கும் ஏறிவிட்டது. அப்பா இன்றைக்கு அங்கேயேதான் இருப்பாராம், புகை அடுப்புக்குப் பக்கத்தில் சுடலைமணி அண்ணனோடு. நான் போய் அவர் டெஸ்டரைக் கொடுத்தேன். இப்ப வேண்டாம், வேலை முடியட்டும் என்று என் கையை மடக்கிவிட்டார்.

அம்மா சொல்கிறாள், சொல்கிறபடியே எழுதுகிறேன். டியூட்டிக்குப் போகும்போது காதுக்குத் துணி கட்டிக்கொண்டு போக வேண்டுமாம், வெறும் வயிற்றில் காபி குடிக்கக் கூடாதாம், ஊறுகாயைப் பிரித்ததும் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்ற வேண்டுமாம், ஈரக் கரண்டி போடக் கூடாதாம். விரல் ஆறிவிடும், அதை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம். உன் பிள்ளைக்கு வந்ததைத் தன் விரலோடு நிறுத்தின மாதாவுக்கு அவள் மெழுகுதிரி நேர்ந்திருக்கிறாள், நீ லீவில் வரும்போது உன் கையால் ஏற்ற வேண்டும், மறந்துவிடாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, பிள்ளையைச் சீக்கிரம் மடியில் வைத்துக்கொள்ளும்படி ஆண்டவர் உங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
கத்தரீனாள்.
(இடது கையால் சிலுவை போட்டிருக்கிறாள். மற்றதெல்லாம் என் கையெழுத்து. ஜின்சன்.)

அம்மா முடித்துவிட்டாள். கீழே இருப்பது நான் செய்யப்போவது.

1. இன்றைக்கே: வடக்குச் சுவருக்குள் போகிற அந்த லைனை மெயின் போர்டிலிருந்து மொத்தமாகப் பிரித்து, இரண்டு முனையையும் மூடிவிடுவேன். முறுக்குவதற்கு அங்கே முனையே இருக்காது.

2. ஜெஸ்னாவின் கட்டில் முன் அறைக்குப் போகும். பூனை எங்கே என்று அழுவாள், வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கொடுப்பேன். அம்மா ஏற்கெனவே அதற்குக் காது தைக்க ஆரம்பித்துவிட்டாள், இடது கையால், கோணலாக.

3. மழை விட்டதும்: ஆறு ஸ்கொயர் வயர், தனி லைன், மெயின் போர்டிலிருந்து வெளிச் சுவர் வழியாக நேராக ஷெட்டுக்கு. எந்த அறைக்குள்ளும் நுழையாது. கூடவே ஆள் ஷாக்குக்கான முப்பது மில்லி ஆம்பியர் சாமான், வீடு முழுமைக்கும்.

4. கரண்டு ஆபீஸில் லோடு கூட்ட எழுதிக் கொடுப்பேன். இரண்டு ஹீட்டரும் ஓட்ட த்ரீ ஃபேஸ் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அது வருகிற வரை டிரையரில் ஒரு ஹீட்டர் மட்டும், மற்றதைக் கழற்றி வைப்பேன். மிச்சக் காய் சுடலைமணி அண்ணனின் புகைக்கு.

5. ஒரு ஹீட்டருக்குப் பதினாறு ஆம்பியர் பிரேக்கர் போதும், வயர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும். புதிது வாங்கிவிட்டேன். சணல் கயிறு கட்டிய ஆணியைப் பிடுங்கிவிடுவேன்.

6. என் சட்டைப் பையில் இருக்கிற நாற்பதை ஜெஸ்னாவுக்குக் கொடுத்துவிடுவேன், அவளிடம் இருக்கிற பதினாறுக்கு ஜோடியாக. இந்த வீட்டில் அதற்கு வேறு வேலை இல்லை.

7. டெஸ்டரை அப்பாவிடம் கொடுப்பேன். புது பிரேக்கரை முதலில் தூக்குவது அவர். நான் அந்தப் புது பைப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன், காய் காய்ந்து முடிகிற வரைக்கும். அது குளிர்ந்தே இருக்க வேண்டும்.